திருவிழா வரி கேட்கப்படாத வீடு

கேள்வி: நான் கோத்தகிரிக்கு அருகே வசிக்கும் ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர். எங்கள் தெரு மகளிர் குழுவின் செயலாளராகவும் இருக்கிறேன். சென்ற ஆண்டு இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்று எங்கள் தெருவுக்கு வாடகைக்கு வந்தது. கணவர், மனைவி, கணவரின் தாயார், நான்காம் வகுப்பு படிக்கும் பெண், அவளுக்கு இளையவனாக ஒரு பையன். தாயாரின் அக்கா 1974இல் இந்தியப் பாஸ்போர்ட்டுடன் 'தாயகம் திரும்பியோராக' வந்து, தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்று, பக்கத்து ஊரில் இருக்கிறார். தங்கையோ 1977 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிக்குப் போய், 1990இல் மகனோடு படகில் மண்டபம் அகதி முகாமுக்கு வந்தவர். மருமகள் 1989இல் முகாமிலேயே பிறந்தவர், தையல் தெரியும். கணவர் கேரட் கழுவுமிடத்தில் மூட்டை ஏற்றுகிறார். அவர்கள் வந்த புதிதில் எங்கள் குழுவில் பழைய ஸ்வெட்டர், கம்பளி எல்லாம் திரட்டிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள், அதன்பின் எங்களைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்கள். மாரியம்மன் திருவிழா வரிக்கு, 'பாவம், அவர்களிடம் கேட்க வேண்டாம்' என்று பொருளாளர் விட்டுவிட்டார். போலீஸ் விசாரித்துவிட்டுப் போனதிலிருந்து வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்லலாமா என்று யோசிக்கிறார். பணம் கொடுத்தால் வாக்காளர் அட்டையும் ரேஷன் கார்டும் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெண் பள்ளியில் தனியாகவே இருக்கிறாள். இவர்களை எங்கள் ஊர்க்காரர்களாக ஆக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் உள்ளவற்றில் ஒன்று மட்டும் நாள் கடத்தக் கூடாதது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அட்டை எடுத்துத் தருவதாகச் சொல்லும் அந்த நபரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்று அந்தக் குடும்பத்துக்கு இன்றே எடுத்துச் சொல்லுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6இல், 'நான் இந்தியக் குடிமகன்' என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். அது பொய்யானால் 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். தண்டனையைக் காட்டிலும் பெரிய இழப்பு, நாளை அவர்கள் முறைப்படி குடியுரிமை கேட்டு நிற்கும்போது அந்தப் பொய்யே குறுக்கே வந்து நிற்கும் என்பதுதான். இரக்கத்தின் பேரில் இதற்கு உடந்தையாகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தரகர் பணத்தோடு போய்விடுவார், வழக்கு மட்டும் இவர்கள் பெயரில் இருக்கும். குடும்பத்தினரிடம் ஆதார் இருக்கக்கூடும். அது இங்கே வசிப்பதற்கான அடையாளமே தவிரக் குடியுரிமைச் சான்று அன்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்து, அவர்கள் எந்தப் பதிவில் இருக்கிறார்கள் என்பதை அவர்களிடமே பக்குவமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இலங்கையிலிருந்து வந்தவர்களில் ஒரு பகுதியினர், 2021 முதல் 'மறுவாழ்வு முகாம்' என்று அழைக்கப்படும் அரசு முகாம்களில் பதிவாகி வாழ்கிறார்கள். மற்றவர்கள் காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வெளியே வாழ்கிறார்கள். முகாமில் பெயர் இருந்து வேலைக்காக இங்கே வந்திருந்தால், முகாமில் கணக்கெடுப்பு நடக்கும் நாளில் அங்கே நேரில் நிற்க வேண்டும். அந்த நாளில் கணவர் வேலைக்கு வராவிட்டால் 'பொறுப்பில்லாத ஆள்' என்று கேரட் முதலாளி முடிவு கட்டிவிடாதபடி, காரணத்தை அவருக்கு முன்கூட்டியே யாராவது சொல்லி வைப்பது நல்லது. வெளிப்பதிவில் இருந்தால், இப்போது குடியிருக்கும் முகவரி காவல் நிலையப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போலீஸ் வந்து விசாரித்தது பெரும்பாலும் இதற்காகத்தான் இருக்கும். வீடு மாறிய அகதிகளின் விவரத்தைச் சரிபார்ப்பது அவர்களுடைய வழக்கமான வேலை. அதற்கும் குற்றத்துக்கும் தொடர்பில்லை.

வீட்டு உரிமையாளருடைய பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். வாசலில் காக்கிச் சட்டை நின்றால் நம் ஊரில் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து காலி செய்யச் சொல்வது அன்று. எழுத்துப்பூர்வமான வாடகை ஒப்பந்தம் ஒன்றைப் போட்டு, உரிமையாளரும் கணவரும் சேர்ந்தே காவல் நிலையத்துக்குப் போய், குடும்பத்தினரின் பதிவு அடையாள அட்டை நகல்களோடு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ளட்டும். உடன் நீங்களும் போனால் நல்லது. இன்னொரு செய்தியையும் அவர் காதில் போட்டு வையுங்கள்: 2015 ஜனவரி 9ஆம் தேதி வரை இங்கே வந்து அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லை என்பதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய உள்துறை அமைச்சகம் விலக்கு அளித்துள்ளது. அது குடியுரிமை தரவில்லை. ஆயினும், 'சட்டவிரோதமாக வந்தவர்களுக்கு வீடு கொடுத்துவிட்டோமோ' என்று அவர் தூக்கம் கெட வேண்டியதில்லை.

இனி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தத் திருவிழா வரிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் கனம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பொருளாளர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் ஒரு தெருவில் வரி என்பது வெறும் பணம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். யார் யார் வரி கொடுத்தார்களோ அவர்கள்தாம் தலைக்கட்டு. அவர்கள் வீட்டு வாசலில்தான் அம்மன் நின்று தேங்காய் வாங்குகிறாள். அவர்கள்தாம் திருவிழா முடிந்த பிறகு கணக்கு வாசிக்கும்போது, 'மைக் செட்டுக்கு ஏன் இவ்வளவு கொடுத்தீர்கள்?' என்று எழுந்து கேட்கலாம். வரி கொடுக்காத வீடு அந்தக் கூட்டத்தில் வாய் திறக்க முடியாது. 'பாவம்' என்று சொல்லி விட்டுவிட்டதன் மூலம், அந்தக் குடும்பத்தை நீங்கள் பணச் சுமையிலிருந்து மட்டுமல்ல, ஊரிலிருந்தும் விலக்கியிருக்கிறீர்கள். வறுமையில் உள்ள வீடுகள் உங்கள் தெருவில் வேறு இல்லையா? அவர்களிடம் பொருளாளர் பாதியை இப்போதும் மீதியைக் கூலி வந்ததும் வாங்கிக்கொள்வார் அல்லவா? அதே வழியை இவர்களுக்கும் செய்தால் போதும்.

முதலில் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமாக இருக்கலாம். முகாம்களில் அப்படிப் பலர் உண்டு. அப்படியானால் வரி கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். தெருவின் பொதுத் தண்ணீர்க் குழாய் பழுதுக்கும், துக்க வீட்டுச் செலவுக்கும் எல்லாரிடமும் வசூலிக்கும்போது அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கு வருகிறவர்கள்தாம் என்றால், இதற்கென்று கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றாதீர்கள். கூட்டத்தில் பேசினால் அந்தக் குடும்பம் ஒரு 'பிரச்சினை' ஆகிவிடும். அடுத்த வசூலின்போது ரசீதுப் புத்தகத்தோடு போகிற பொருளாளர் அந்த வாசலிலும் நின்று, மற்ற வீடுகளில் கேட்ட தொகையையே கேட்டு, குடும்பத் தலைவரின் பெயர் எழுதி ரசீது கொடுத்துவிட்டுப் போகட்டும். முளைப்பாரிக்கு மருமகள் பெயரும் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் முறையில் மாமியார் பெயரும் இருக்கட்டும். கணக்கு வாசிக்கும் நாளை அவர்கள் வீட்டிலும் சொல்லுங்கள். தெருவில் ஒரு சாவு என்றாலும் ஆள் விட்டுச் சொல்லுங்கள். நல்லது கெட்டதுக்குச் சொல்லியனுப்பப்படாத வீட்டை, எத்தனை கம்பளி கொடுத்தாலும், ஊர் வீடு என்று சொல்ல முடியாது.

கம்பளி விஷயத்தில் நீங்கள் மனம் நோக வேண்டியதில்லை. ஏப்ரலில்கூட இரவில் குளிரும் ஊருக்குச் சமவெளியிலிருந்து வந்தவர்களுக்கு அது தேவையான பொருள். அவர்கள் ஒதுங்குவதற்குக் காரணம் நன்றியின்மை இல்லை. அந்த மருமகளின் இடத்திலிருந்து பாருங்கள். முகாமில் பிறந்து, பத்துக்குப் பத்து அடி அறையில் வளர்ந்து, பாயும் பாத்திரமும் சேலையும் பெயர் கூப்பிட்டு வரிசையில் வாங்கிப் பழகியவர். அந்த வரிசையை விட்டு வெளியேற வேண்டும் என்பதற்காகத்தான் வாடகை கொடுத்து உங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். வந்த இடத்திலும் முதல் சந்திப்பே வாங்கும் சந்திப்பாக முடிந்துவிட்டது. திருப்பிச் செய்ய ஒன்றும் இல்லாதவர்கள் எதிரில் வர மாட்டார்கள். கடன்பட்டவர் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போவதைப் போலத்தான்.

ஆகவே, அவர்களிடம் ஏதாவது கேட்டுப் போங்கள். தையல் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு போய், அளவு ரவிக்கையும் கொடுத்து, கூலி என்ன என்று கேட்டு, கடைத்தெருவில் கொடுக்கும் அதே கூலியைக் கொடுங்கள். கூடக் கொடுக்காதீர்கள், குறைத்தும் பேசாதீர்கள். கை இறுக்கமாக இருந்தால் பிரித்துத் தைத்துத் தரச் சொல்லுங்கள். பாவம் என்று வாயை மூடிக்கொண்டு போட்டுக்கொள்ளாதீர்கள். குறை சொல்லத் தயங்குகிற வாடிக்கையாளர் அடுத்த முறை வரமாட்டார் என்பது எந்தத் தையல்காரருக்கும் தெரியும். உங்கள் குழுவில் நாலு பேர் இப்படிப் போய்வந்தால் பேச்சு தானே வளரும். குழுவில் உறுப்பினராகச் சேர்ப்பதைப் பற்றி இப்போதே வாக்குக் கொடுக்காதீர்கள். வங்கிக் கடன் இணைப்பில் ஆவணச் சிக்கல் வரலாம். உங்கள் கூட்டமைப்பில் விதிமுறையைக் கேட்டுத் தெளிந்த பிறகு சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பின்வாங்குவது சொல்லாமலிருப்பதைவிட மோசம்.

கணவருடைய கூலியையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். 'போக்கிடம் இல்லாதவர், எதிர்த்துக் கேட்கமாட்டார்' என்று பக்கத்தில் நிற்பவரைவிடக் குறைத்துக் கொடுப்பது மலையிலும் நடக்கிறது, சமவெளியிலும் நடக்கிறது. ஒரே மூட்டைக்கு ஒரே கூலி என்பதை, அங்கே வேலை பார்க்கும் உங்கள் ஊர் ஆட்களைக் கொண்டே சொல்ல வைப்பது நல்லது. குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தால் தங்கள் கூலியும் இறங்கும் என்பதால் அவர்களுக்கும் அதில் அக்கறை உண்டு.

'நமக்கு வர வேண்டியதை இவர்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள்' என்ற முணுமுணுப்பு இதற்குள் உங்கள் தெருவில் எழுந்திருக்கும். அதற்குப் பதில் சொல்ல உங்களுக்கு விவரம் வேண்டும். முகாமில் இருப்பவர்களுக்கு அரசு மாதம்தோறும் தரும் பணக்கொடை, 2021ஆம் ஆண்டு அறிவிப்பின்படி குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாய், சிறுவர்களுக்கு 500 ரூபாய். வெளிப்பதிவில் வாழ்பவர்களுக்கு அதுவும் கிடையாது. முகாம்களில் கட்டப்படும் வீடுகளிலும் அவர்களுக்குப் பங்கில்லை. உங்கள் ஊருக்கு வரும் எந்த ஒதுக்கீட்டிலிருந்தும் இவர்கள் ஒரு பிடி எடுக்கவில்லை.

கணவருடைய தாயாரின் அக்காவைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அவர்தான் இந்தக் குடும்பத்தின் பெரிய பலமாகத் தெரிகிறார். இலங்கை சுதந்திரம் பெற்றதும் 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பங்கு பிரித்தது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரே லயத்தில், ஒரே வீட்டில் பிறந்த அக்காளுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும், இலங்கைக்கு மனுப் போட்டவரை மணந்த தங்கைக்கு வேறு விதியும் வாய்த்தது இப்படித்தான். தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. இன்றைய டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் அதன் வளர்ச்சிதான். கூடலூர், பந்தலூர் பக்கமும் குன்னூர், கோத்தகிரி பக்கமும் இன்று ஓட்டுப் போடுகிற எத்தனையோ குடும்பங்களின் முதல் தலைமுறை, 'சிலோன்காரர்' என்று தள்ளி வைத்துப் பேசப்பட்டு, பிறகு இந்த மலையின் மக்களாக ஆனவர்கள்தாம்.

இது பழங்கதை மட்டுமன்று, பயனும் உண்டு. அக்காவிடம் உள்ள பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, தோட்டத்துப் பதிவுகள் ஆகியவற்றில் பெற்றோர் பெயரும் பூர்வீக ஊரும் இருக்கும். தங்கையும் அதே பெற்றோரின் மகள் என்று காட்ட அதைவிட நல்ல சான்று கிடைக்காது. இந்திய வம்சாவளி அகதிகள் தொடுத்த வழக்கில், அவர்களுடைய குடியுரிமைக் கோரிக்கையை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019இல் உத்தரவிட்டது. கதவு இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. திறக்கும் நாளில் கையில் காகிதம் இருக்க வேண்டும். மூலத் தாள்களை யாரிடமும் கொடுக்காமல், நகல் எடுத்து இரண்டு வீட்டிலும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மருமகளின் பிறந்த ஆண்டைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியக் குடிமகன். அதன்படிதான், 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்க 2022இல் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்த வீட்டு மருமகள் இரண்டு ஆண்டு பிந்திவிட்டார். ஆனால் அவருக்கு முகாமில் பிறந்த அண்ணனோ அக்காவோ இருந்தால், அவர்களுடைய பிறப்புச் சான்றிதழை எடுத்துத் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் இருவருடைய பிறப்புச் சான்றிதழும் பெயர்ப்பிழை இல்லாமல் இருக்க வேண்டும். அது குடியுரிமையைத் தராவிட்டாலும், எந்த நாட்டில் எந்த உரிமையைக் கேட்கவும் அதுவே அடிப்படை. ஆவண வேலைகளில் வழிகாட்ட, 1984 முதல் அகதிகளிடையே பணியாற்றிவரும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இருக்கிறது. வழக்கறிஞர் வேண்டுமென்றால் உதகையிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச உதவி உண்டு.

'போர்தான் 2009இல் முடிந்துவிட்டதே, ஏன் திரும்பிப் போகவில்லை?' என்று யாரும் அவர்களைக் கேட்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னியில் குடியேறி, அங்கிருந்தும் ஓடி வந்த குடும்பத்துக்குத் திரும்பிப் போக எந்த ஊர், யாருடைய நிலம்? போவதா இருப்பதா என்பது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. படகில் வந்த கதையையும் கேட்காதீர்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றினால், ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டே ஒருநாள் அவர்களே சொல்வார்கள்.

மலையைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள்; இதை யாரும் உதவி என்று கணக்கில் வைப்பதில்லை. கோத்தகிரிப் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். 2009 நவம்பர் மண்சரிவு உங்களுக்கு நினைவிருக்கும், அவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் மண் திட்டு இருக்கிறதா, எந்த ஓடையில் தண்ணீர் இறங்கும், ராத்திரியில் சத்தம் கேட்டால் யார் வீட்டுக்கு ஓடுவது என்பதையெல்லாம் மழைக்கு முன்பே நடந்து காட்டுங்கள். கரடி எண்ணெய் வாசனைக்கு வீட்டுக் கதவைத் தேடி வரும் என்பதையும், பொழுது சாய்ந்தபின் தேயிலைக்குள் குறுக்கு வழியில் போனால் காட்டெருமை எதிரில் நிற்கும் என்பதையும் உள்ளூர்க்காரர் சொல்லாமல் வந்தவர் எப்படி அறிவார்?

பெண்ணின் தனிமைக்கும் இதிலேயே ஒரு வழி இருக்கிறது. மாலையில் பள்ளி விட்டதும் உங்கள் தெருப் பிள்ளைகள் கூட்டமாக வரும் பாதையில் அவளையும் சேர்த்து விடுங்கள். காட்டெருமைப் பயம் நல்ல சாக்கு. பேச்சு வேறு மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் கேலி செய்தால், வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். எல்லார் முன்னிலையிலும் அறிவுரை சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டு விழா மேடையில் அவளை ஏற்றி 'அகதியின் குரல்' என்று பேச வைக்கும் யோசனை யாருக்காவது வந்தால் முளையிலேயே கிள்ளிவிடுங்கள். கும்மியில் பத்தாவது ஆளாக அவள் நிற்கட்டும். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானது. மாற்றுச் சான்றிதழோ வயதுச் சான்றோ இல்லை என்று பள்ளி மறுக்க முடியாது. தம்பியை இன்னும் சேர்க்கவில்லையென்றால், வரும் ஜூன் மாதம் வரை காத்திராமல், அவன் வயதைப் பொறுத்து அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வாசல் உங்களுக்குப் பழக்கமானதுதானே.